பக்கத்து அறை, எட்டாத ஃபைல்

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள மறுப்பது ஏன்? பூட்டியிருக்கும் கதவு எது என்று பார்க்காமல் எல்லாக் கதவுகளையும் கழற்றிவிடுவதுதான் வழக்கமான வைத்தியம். அதில் ஆபத்து இருக்கிறது.

டெல்லியிலிருந்து ஒரு போட்டோ சிகாகோவில் இருக்கும் மகளுக்குச் சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே போட்டோ ஹாலில் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து பத்தடி தள்ளிப் படுக்கையறையில் உள்ள லேப்டாப்புக்குப் போக மாட்டேன் என்கிறது. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. இரண்டிலும் இன்டர்நெட் ஓடுகிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றின் ஃபோல்டரைத் திறக்கப் போனால் 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்ற செய்தியும், 80070035 என்று முடியும் ஒரு நீள எண்ணும்தான் பதிலாக வருகின்றன.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டத்தில் பென் டிரைவைத் தேடுவார்கள். பொறுமைசாலிகள் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரைக் கூப்பிடுவார்கள். அவரும் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். எப்படி? ஃபயர்வாலை நிறுத்துவார். பாஸ்வேர்டு கேட்கும் ஏற்பாட்டை எடுத்துவிடுவார். ஒரு டிரைவ் முழுவதையும் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு சகல உரிமைகளோடும் திறந்துவிடுவார். அப்படியும் மசியாவிட்டால் எஸ்எம்பி-1 என்ற பழைய வசதியைத் தட்டி எழுப்புவார். ஃபோல்டர் திறந்துகொள்ளும். வந்தவருக்கு காபியும் கூலியும் கிடைக்கும்.

இந்த நான்கு காரியங்களில் உண்மையில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது என்பதுதான் விஷயம். ஃபைல் ஷேரிங் கோளாறு என்பது ஒரே கோளாறு அல்ல. வரிசையாக ஐந்து கதவுகள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று சாத்தியிருக்கிறது. எது என்று வரிசைப்படி பார்த்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். வரிசையை விட்டுவிட்டுக் கையில் கிடைத்ததையெல்லாம் திறந்துவிட்டால் காரியம் நடக்கும். ஆனால் அந்தக் கதவுகளை மறுபடி யாரும் சாத்துவதில்லை.

நம்பிக்கை நிறைந்த காலம்

கதவுகள் ஏன் இத்தனை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலை இன்னொன்று தன்னுடையது போலவே திறந்து படிக்க உதவும் எஸ்எம்பி என்ற ஏற்பாடு 1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாமின் கையில் உருவானது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1992-ல் வந்த 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்', பெரிய சர்வர் எதுவும் இல்லாமலே ஓர் அறையில் உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வழி செய்தது. விண்டோஸ் 95-ன் திரையில் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்று ஒரு படமே வந்து உட்கார்ந்தது. நெய்பர்ஹுட் என்றால் அக்கம்பக்கம். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்ற நினைப்பில் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

மைக்ரோசாஃப்டின் வேலியைத் தாண்டியும் இது பரவியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், வயரில் ஓடும் தகவலைக் கவனித்தே யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களும் இதே பாஷை பேசும்படி ஒரு புரோகிராமை 1990களின் தொடக்கத்தில் எழுதினார். அதற்கு முதலில் வைத்த பெயர் வேறு யாருக்கோ சொந்தமாக இருந்ததால், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரும் வார்த்தை எது என்று அகராதியில் தேடவிட்டு 'சம்பா' என்பதைப் பிடித்தார். இன்று வீட்டில் வாங்கி வைக்கும் நெட்வொர்க் ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றுக்குள்ளும், பின்பக்கம் பென் டிரைவ் செருக இடமுள்ள ரௌட்டர்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருப்பது இந்த சம்பாவும் அதன் உறவுக்காரர்களும்தான்.

அக்கம்பக்கத்தின் மேல் நம்பிக்கை குறையக் குறைய ஒவ்வொரு விண்டோஸும் ஒரு கதவைக் கூடுதலாக வைத்தது. அந்தக் கதவுகளின் வரிசைதான் கீழே.

முதல் கதவு: ஒரே தெருவா?

இரண்டு கம்ப்யூட்டர்களிலும் வைஃபை அடையாளம் தெரிவதால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாக அர்த்தமில்லை. கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை அடித்தால் ஒவ்வொன்றின் ஐபி எண்ணும் தெரியும். வீட்டு நெட்வொர்க்குகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். ஒன்றில் 192.168.1.5 என்றும் மற்றொன்றில் 192.168.1.9 என்றும் இருந்தால் நல்லது. ஒன்றில் 192.168.1.5, மற்றொன்றில் 192.168.0.7 என்று மூன்றாவது எண் மாறினால் இரண்டும் வெவ்வேறு தெருவில் குடியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்திய வீடுகளில் இது சகஜம். ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர் சுவரில் மாட்டிய பெட்டி ஒன்று. அதன் சிக்னல் உள் அறைக்கு எட்டவில்லை என்று கடையில் வாங்கி மாட்டிய ரௌட்டர் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக ஐபி எண் வழங்கிக்கொண்டிருக்கின்றன. இன்டர்நெட்டுக்கு இதனால் குறையில்லை. ஃபைல் ஷேரிங்தான் திணறும். உள் ரௌட்டருக்குப் பின்னால் இருப்பது வெளியே இருப்பதை எண்ணைக் கொடுத்து அழைக்கலாம். வெளியே இருப்பதால் உள்ளே இருப்பதை அழைக்க முடியாது. 'நான் அதைத் திறக்க முடிகிறது, அது என்னைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு வீட்டில் புகார் வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழவேண்டும். மருந்து சுலபம்: இரண்டாவது ரௌட்டரை 'ஆக்ஸஸ் பாயின்ட்' என்ற நிலைக்கு மாற்றுவது. அப்போது அது எண் வழங்கும் அதிகாரத்தை விட்டுவிட்டு சிக்னலை மட்டும் பரப்பும்.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள் இங்கேயே பார்க்கப்பட வேண்டியவை. விருந்தாளிகளுக்கான 'கெஸ்ட்' வைஃபையில் ஒரு லேப்டாப் மாட்டியிருந்தால் அது வீட்டின் மற்றக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க முடியாது. அந்த வசதியின் நோக்கமே அதுதான். எண் 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள். ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் வீட்டு நெட்வொர்க் கண்ணில் படாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், எதிர்முனைக் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்ப்பது நல்லது. ஸ்லீப் நிலைக்குப் போன கம்ப்யூட்டர் பொதுவாக யார் தட்டினாலும் பதில் சொல்லாது.

இரண்டாவது கதவு: பெயரா, எண்ணா?

'நெட்வொர்க்' என்ற இடத்தைத் திறந்தால் மற்றக் கம்ப்யூட்டரின் படம் தெரியவில்லை. உடனே 'ஷேரிங் வேலை செய்யவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவசரம். பட்டியலில் பெயர் தெரிவது வேறு, ஃபைல் கிடைப்பது வேறு. டெலிபோன் டைரக்டரியில் பெயர் இல்லாததால் போன் செத்துவிட்டதாக ஆகாது.

சோதனை எளிது. விலாசம் எழுதும் பெட்டியில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, தொடர்ந்து எதிர்முனையின் ஐபி எண்ணை அடித்து என்டரைத் தட்ட வேண்டும். ஃபோல்டர்கள் வந்துவிட்டால் ஷேரிங் நலமாக இருக்கிறது. பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு. பாதிப் புகார்கள் இந்த ஒரு சோதனையோடு தீர்ந்துவிடும்.

அந்தக்கால விண்டோஸில் பட்டியல் தயாராகும் விதமே விசித்திரமானது. நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைப் பட்டியல் வைத்திருக்கும் தலைவராக்கும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதை அறிவிக்கும். மூன்று முறை அறிவிப்பு வராவிட்டால்தான் பெயர் நீக்கப்படும். அணைத்த கம்ப்யூட்டர் அரைமணி நேரத்துக்கு மேல் பட்டியலில் உலவிக்கொண்டிருந்ததும், புதிதாகப் போட்டது உடனே தெரியாமல் இருந்ததும் அதனால்தான். இப்போதைய விண்டோஸ் வேறு முறையில் பட்டியல் தயாரிக்கிறது. அதற்கு 'ஃபங்ஷன் டிஸ்கவரி' என்று பெயர் தொடங்கும் இரண்டு சர்வீஸ்கள் ஓடவேண்டும். சர்வீஸ்கள் பட்டியலில் அவை நின்றுபோயிருந்தால் தானாகத் தொடங்கும்படி மாற்றினால் படம் தெரியத் தொடங்கும்.

பெயரிலும் கவனம் வேண்டும். பழைய பெயர் முறை 15 எழுத்துக்குமேல் ஏற்காது. விண்டோஸ் தானாக வைக்கும் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கும் பெயர்கள் ஆங்கிலத்தில் சரியாக 15 எழுத்தில் நிற்பதற்கு அதுவே காரணம். கடையில் ஒரே டிஸ்க்கிலிருந்து நகலெடுத்துத் தயாரித்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே பெயர் இருந்தால் இரண்டும் மாறிமாறிக் காணாமல் போகும். ஐபி எண்ணை வைத்தே புழங்குவதானால், ரௌட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு எண்ணை ரிசர்வ் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் போய் வந்ததும் எண் மாறி, நேற்று திறந்தது இன்று திறக்காது.

மூன்றாவது கதவு: வெளியிடமா, வீடா?

எண்ணைக் கொடுத்தும் திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. பார்ப்பதற்கு, நிறுத்துவதற்கு அல்ல.

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் இரண்டு வகையில் ஒன்றாகக் கருதுகிறது. 'பப்ளிக்' என்றால் ரயில் நிலையம், ஹோட்டல் போன்ற வெளியிடம். அங்கே யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காது. 'பிரைவேட்' என்றால் வீடு. புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் கேட்கும் கேள்வியைப் படிக்காமல் தள்ளிவிட்டிருந்தால் வீட்டு வைஃபை 'பப்ளிக்' ஆகவே நின்றுவிடும். ரௌட்டரை மாற்றினாலும் புது நெட்வொர்க் என்று கருதி மறுபடி 'பப்ளிக்' ஆகலாம். 'போன வாரம்வரை வேலை செய்தது' என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இருப்பது புது ரௌட்டர்தான்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த வைஃபையின் விவரத்தில் 'பிரைவேட்' என்று மாற்றவேண்டும். பிறகு அதே பகுதியில் உள்ள ஷேரிங் செட்டிங்ஸில், பிரைவேட்டுக்குக் கீழே மட்டும், நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் இயங்க வைக்கவேண்டும். ஃபோல்டர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ அதில் இதைச் செய்வது கட்டாயம். ஃபயர்வால் முழுசாக இருந்தபடியே ஷேரிங் வேலை செய்யும்.

ஃபயர்வாலை அடியோடு நிறுத்துவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் லேப்டாப் வீட்டைவிட்டு வெளியே போகும்போது தெரியும். பிரைவேட் என்று குறித்தது அந்த வீட்டு வைஃபைக்கு மட்டும்தான். விமான நிலைய வைஃபையில் சேர்ந்ததும் விண்டோஸ் கதவைத் தானே சாத்திக்கொள்ளும். ஃபயர்வாலை நிறுத்தியிருந்தால் சாத்துவதற்குக் கதவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸுக்கு சொந்த ஃபயர்வால் இருந்தால் அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்கவேண்டும். விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தும் இது ஒன்று தடுத்துக்கொண்டிருப்பது உண்டு.

ஒரு எச்சரிக்கை. 'பிங்' கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்து இணைப்பே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. பப்ளிக் நிலையில் உள்ள விண்டோஸ் பிங்குக்கும் பதில் சொல்லாது. பதில் வந்தால் பாதை சரி. வராவிட்டால் எதுவும் நிச்சயமில்லை.

நான்காவது கதவு: பழைய பாஷை

இரண்டும் புதிய கம்ப்யூட்டர்கள் என்றால் இந்தக் கதவைத் தாண்டிப் போய்விடலாம். ஒருபக்கம் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரோ, பத்துப் பன்னிரண்டு வருடப் பழசான நெட்வொர்க் டிஸ்க்கோ, ரௌட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்கோ இருந்தால் இங்கேதான் நிற்கவேண்டியிருக்கும்.

எஸ்எம்பியின் முதல் பதிப்பை எக்ஸ்பிவரை எல்லாம் பேசின. விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாவது பதிப்பும், 2012-ல் விண்டோஸ் 8-ஓடு மூன்றாவதும் வந்தன. 'எஸ்எம்பி-1-ஐ நிறுத்துங்கள்' என்று மைக்ரோசாஃப்டில் அதற்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல் 2016 செப்டம்பரில் வெளிப்படையாகவே எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் கழித்து, 2017 மே 12 அன்று, வான்னாக்ரை வந்தது. எஸ்எம்பி-1-ல் இருந்த ஒரு ஓட்டை வழியாக அது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே தாவியது. யாரும் எந்த ஈ-மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. நுழைந்த இடத்தில் ஃபைல்களைப் பூட்டி, சாவிக்கு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் 80 டிரஸ்டுகளாவது பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 நோயாளிகளுக்குக் குறித்த நேரங்கள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இந்தியாவில் ஆந்திரப் பிரதேச போலீஸின் கம்ப்யூட்டர்கள் சில மாட்டிக்கொண்டன. அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, நாட்பெட்யா வந்தது. அதே ஓட்டையையும் திருடிய பாஸ்வேர்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்தியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. அந்தக் குழுமம் நடத்திவந்த, மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் உள்ள கண்டெய்னர் முனையத்திலும் வேலை தடைப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது தேதிகளை. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. போட்டவர்கள் வான்னாக்ரையிடமிருந்து தப்பினார்கள். ஒட்டைப் போடாமல் பழைய பதிப்பை ஓடவிட்டவர்கள்தான் அதனிடம் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி-1-ஐப் படிப்படியாகக் கழற்றத் தொடங்கியது. விண்டோஸ் 7-ல் வந்த 'ஹோம்குரூப்' என்ற சுலப ஷேரிங் வசதியும் 2018-ல் விண்டோஸ் 10-லிருந்து போய்விட்டது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு இன்னும் கண்டிப்பானது. அதன் ப்ரோ வகை, தகவல் நடுவழியில் மாற்றப்படவில்லை என்பதற்குக் கையெழுத்துக் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் 'கெஸ்ட்' ஆக உள்ளே விடும் டிஸ்க்குகளை ஏற்க மறுக்கிறது. விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் பழைய நெட்வொர்க் டிஸ்க் காணாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை.

சரியான வைத்தியம் டிஸ்க்கின் பக்கத்தில் இருக்கிறது. அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, புதிய பதிப்பு சாஃப்ட்வேர் இருந்தால் ஏற்றி, எஸ்எம்பி-2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டோடு ஒரு பயனர் பெயரை உருவாக்கவேண்டும். பல டிஸ்க்குகளில் இந்த வசதி இருந்தும் பழைய பதிப்பிலேயே விட்டுவைத்திருப்பார்கள். அதற்கும் வழியில்லாத டிஸ்க் என்றால், அதில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பது மேல். ஒரு பழைய டிஸ்க்குக்காக வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பின்னோக்கி இழுப்பது நஷ்ட வியாபாரம்.

வீட்டு ரௌட்டர் இருக்கும்போது வெளியிலிருந்து யார் நுழைவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ரௌட்டர் வெளித்தாக்குதல்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் கல்லூரி ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனின் லேப்டாப் ரௌட்டருக்கு உள்ளேதான் உட்காரும்.

ஐந்தாவது கதவு: யார் நீ?

கம்ப்யூட்டர் கண்ணில் படுகிறது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. கொடுத்தால் தவறு என்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அதிகம் கோபப்படும் இடம் இது. காரணங்கள் நான்கைத் தாண்டுவதில்லை.

முதலாவது, பின் எண். தினமும் நாலு இலக்கப் பின்னை அடித்தே கம்ப்யூட்டரைத் திறப்பவர்கள் இங்கேயும் அதையே அடிக்கிறார்கள். பின் என்பது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சொந்தம். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பலருக்கு அது மறந்தே போயிருக்கும்.

இரண்டாவது, பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்குப் பயனர் பெயர் முழு ஈ-மெயில் விலாசம்தான். வரவேற்புத் திரையில் தெரியும் 'அப்பா' என்ற பெயரோ, ஈ-மெயிலின் முதல் ஐந்து எழுத்தில் விண்டோஸ் உருவாக்கிய ஃபோல்டரின் பெயரோ அல்ல. கேட்பது எதிர்முனையில் உள்ள கணக்கின் பெயரைத்தான், உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை அல்ல என்பதும் மறந்துபோகும்.

மூன்றாவது, காலி பாஸ்வேர்டு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதற்குப் பூட்டு என்று பாஸ்வேர்டே வைக்காத கணக்குகள் ஏராளம். அப்படிப்பட்ட கணக்கை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்த விண்டோஸ் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. பெயர் சரி, பாஸ்வேர்டு இடம் காலி, ஆனாலும் மறுப்பு. வீட்டார் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்தப் புதிருக்கு விடை, ஒரு பாஸ்வேர்டு வைப்பதுதான்.

நான்காவது, பழைய ஞாபகம். முன்பு எப்போதோ கொடுத்த தவறான பெயரை விண்டோஸ் சேமித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் உள்ள 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் புதிதாகக் கேட்கும்.

இவற்றுக்கெல்லாம் ஒரே தீர்வாகப் பலரும் செய்வது பாஸ்வேர்டு பாதுகாப்பை நிறுத்துவது. அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கு மட்டும் என்று ஒரு சாதாரண உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, ஒரு பாஸ்வேர்டு வைத்து, அந்தப் பெயரையே மற்ற எல்லாவற்றிலும் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்து 'நினைவில் வை' என்று குறித்தால் பிறகு கேட்காது. மேக் கம்ப்யூட்டர் ஃபோல்டரைக் கொடுப்பதாக இருந்தால், ஃபைல் ஷேரிங் பகுதியின் ஆப்ஷன்ஸில் விண்டோஸுக்காக எந்தக் கணக்கு என்று தனியாகக் குறிக்கவேண்டும். அதைக் குறிக்காமல் பாஸ்வேர்டு தவறு என்று மேக்கைத் திட்டுபவர்கள் உண்டு.

உள்ளே போனபிறகு 'அனுமதி இல்லை' என்று வந்தால், விஷயம் கடைசித் தாழ்ப்பாளில் இருக்கிறது. ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் உண்டு. ஒன்று நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேரிங் பகுதியில் தரப்படுவது. மற்றொன்று டிஸ்க்கிலேயே செக்யூரிட்டி பகுதியில் எழுதப்பட்டிருப்பது. இரண்டில் எது கஞ்சத்தனமானதோ அதுவே செல்லும். ஷேரிங்கில் தாராளமாகக் கொடுத்துவிட்டு செக்யூரிட்டியில் பெயரே இல்லாவிட்டால் கதவு திறக்காது. இரண்டிலும் அந்த ஷேரிங் கணக்கின் பெயரைச் சேர்த்தால் போதும். 'எவ்ரிஒன்' வேண்டியதில்லை.

எவ்வளவு திறப்பது?

ஃபோல்டர் திறந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். எதைத் திறந்தோம் என்று யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள் தாங்கள் நுழைந்த கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதும் உரிமை இருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர்களையும் சேர்த்துப் பூட்டுகின்றன. பையன் இறக்கிய திருட்டு கேம் ஒன்றின் விலை, ஹாலில் உள்ள கம்ப்யூட்டரில் இருபது வருடமாகச் சேர்ந்த கல்யாண போட்டோக்களாக இருக்கக்கூடும். பார்ப்பதற்கு மட்டும் வேண்டிய போட்டோ, பாட்டு, சினிமா ஃபோல்டர்களுக்குப் 'படிக்க மட்டும்' உரிமை போதும். எழுதவேண்டிய தேவைக்கு 'வரவு' என்று தனியாக ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். முழு டிரைவை எந்தக் காரணத்துக்காகவும் ஷேர் செய்ய வேண்டியதில்லை.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பை இந்த ஏற்பாட்டில் சேர்க்காமல் விடுவது நல்லது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அப்படிப்பட்ட லேப்டாப்கள் வந்து சேர்ந்தன. அதன் கதவுகளை ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவு வேண்டுமென்றே பூட்டியிருக்கும். திறக்கவில்லை என்றால் அது கோளாறு அல்ல. அதேபோல 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்யாத விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்குப் புதிய ஒட்டுகள் வராது. வான்னாக்ரையின் கதையை நினைவில் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுக்கல் வாங்கலின் நடுவில் வைக்கமாட்டார்கள்.

ஷேர் செய்து வைப்பதைப் பலரும் பேக்கப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஃபைலை நான்கு அறையிலிருந்து பார்க்க முடிவதால் நான்கு பிரதி இருப்பதாக ஆகிவிடாது. இருப்பது ஒன்றுதான். அதை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி, அலமாரியில் வைத்தால்தான் பேக்கப்.

ரிப்பேர்க்காரர் ஏற்கெனவே வந்துபோன வீடுகளில் இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கலாம். ஃபயர்வால் ஓடுகிறதா, பாஸ்வேர்டு பாதுகாப்பு இருக்கிறதா, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி-1-க்கு டிக் இருக்கிறதா, 'எவ்ரிஒன்' எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்று நான்கையும் பார்த்து, ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பக்கத்து அறையிலிருந்து ஃபோல்டரைத் திறந்து பார்க்கவேண்டும். நான்கில் ஏதாவது ஒன்றில் அது நின்றுபோனால், உண்மையான கோளாறு எந்தக் கதவில் இருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும். அதை மட்டும் முறையாகச் சரிசெய்தால் போதும்.